கழிப்பறைக்குப் படி வைத்த கதை

வீடு கட்டுகிற ஆணுக்கு, அந்த வீட்டில் முடிவெடுக்க ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சும். மற்றதைச் சொந்தபந்தம் எடுத்துக்கொள்ளும். எனக்கு மிஞ்சியது செப்டிக் டேங்க். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் புகார்.

கிணத்துக்கடவு பக்கம், தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் மனை. அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. அவரவர் கழிவுக்கு அவரவர் பொறுப்பு. வாசல் எந்தத் திசை, சமையல் மேடைக்கு என்ன நிறக் கல் என்பதையெல்லாம் என் மனைவி சரசுவும் அவள் அண்ணன் கந்தசாமியும் தீர்மானித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. டேங்க் மட்டும் என் இஷ்டம் என்று ஒப்பந்தம்.

ஒரு கோடை முழுக்க அதைப் பற்றிப் படித்தேன். வெறும் உறிஞ்சுகுழி கிணற்றைக் கெடுத்துவிடும். பயோ டேங்க் விற்பவரோ என் கேள்விகளுக்குப் பயந்து போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் மூன்று அறைத் தொட்டி, அதில் வழியும் நீரைச் சுத்தம் செய்ய ஒரு கல்வாழைப் பாத்தி என்று முடிவெடுத்தேன். மனை மேற்கே மேடு, கிழக்கே பள்ளம், கிணறு வடகிழக்கில். எனவே கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், தென்கிழக்குப் பள்ளத்தில் தொட்டி. (முடிவெடுத்த தேதி, கிழமைகூடச் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.)

சுவர்கள் எழும்பி, கூடத்தின் கிழக்குக் கோடியில் கழிப்பறைக்கும் இடம் விட்டாயிற்று. குழி தோண்டுகிற அன்று காலையில் மச்சான் கந்தசாமி ஒரு வாஸ்துக்காரரோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்க மாப்ள, அக்கினி மூலையில போயி இதைத் தோண்டுவாங்களா? வடமேக்க, வாயு மூலைக்கு மாத்திப்போடலாமுங்க."

"வடமேற்கு மேடுங்க மச்சான். தண்ணி மேட்டுக்கு ஏறாதுங்க."

"மேக்க மேடா இருக்கறது ரொம்ப விசேசமுங்க," என்றார் வாஸ்துக்காரர், நான் மனையைப் பாராட்டியது போல.

குழாய்ச் சரிவைப் பற்றி விளக்கினேன். எல்லோரும் 'சரிங்க, சரிங்க' என்று மரியாதையாகக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் ஆட்டம் முடிந்தது என்று பொருள்.

"தண்ணி ஏறாட்டி என்னங்க, பாத்ரூமை ஏத்திப்போட்டா ஆச்சு," என்றார் மேஸ்திரி.

"மோட்டார் வைக்கலாம்," என்றேன் பலவீனமாக.

"கரண்டு போச்சுன்னா கையில அள்ளிட்டுப் போவீங்களா?" என்றாள் சரசு.

அப்படியாகத் தொட்டி வாயு மூலை மேட்டுக்குப் போக, எங்கள் கழிப்பறை மேடை ஏறியது. அதற்குக் கிரானைட் படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே தேக்குக் கதவு. (எங்கள் படுக்கையறைக்கே பிளைவுட் கதவுதான்.)

ஆவணியில் கிரகப்பிரவேசம். ஒரு கதவை விட்டாலும் மூளியாக இருக்கும் என்று மச்சான் எல்லாக் கதவுக்கும் சந்தனம், குங்குமம், மாவிலைத் தோரணம் என்று அலங்கரித்துவிட்டார்.

பந்தலில் இலை போடச் சொல்லிவிட்டு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது, கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த சரசுவின் அத்தை கழிப்பறையின் கீழ்ப்படியில் சீர்த்தட்டை வைத்து, கற்பூரம் ஏற்றி, கண்மூடி நின்றிருந்தார். பின்னால் ஒரு கூட்டமே கைகூப்பி நின்றது. மூத்தவர் கும்பிட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அது பூஜையறை இல்லை என்று தெரிந்த சிலரும்கூட, பெரியவரைச் சங்கடப்படுத்துவானேன் என்று சேர்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தைங்க, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்களும் கும்பிட்டுக்குங்க கண்ணு," என்றார், கண்ணைத் திறக்காமல்.

கும்பிட்டேன். படித்தவன், சரிவு தெரிந்தவன், என் காசில் கட்டிய கழிப்பறையைக் கும்பிட்டேன்.

அப்போது உள்ளே தண்ணீர் கொட்டுகிற ஓசை கேட்டது. தேக்குக் கதவு திறந்தது. வேட்டியைச் சரி செய்தபடி படியின் உச்சியில் மச்சான் நின்றார். கற்பூரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"வரிசை நிக்குதாட்ட இருக்குது. ஒரு குரல் குடுத்திருந்தா வெரசா வந்திருப்பனுங்களே," என்றார்.

கூடம் சிரித்து அடங்க வெகு நேரமானது. வாஸ்துவின் மானம் அன்றோடு போயிற்று என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கார்த்திகையில் அத்தை மறுபடி வந்தார், கையில் தேங்காயோடு.

"பேத்திக்கு வரன் அமையோணும்னு அன்னைக்கு வேண்டிக்கிட்டனுங்க. அமைஞ்சிருச்சு. தைமாசம் கல்யாணம். கும்பிட்ட எடத்துல தேங்கா ஒடைக்காம உட்டா நல்லதுங்களா?"

"அத்தைங்க, அது கழிப்பறைங்க."

"தெரியுமுங்க கண்ணு. கும்பிட்டப்பத் தெரியாதில்ல."

சரசு தேங்காயை வாங்கி என் கையில் கொடுத்தாள். தேங்காய் சரிபாதியாக உடைந்து தொலைத்தது. "வாயு மூலைங்க மாப்ள," என்றார் அத்தையைக் கூட்டி வந்திருந்த மச்சான், அடக்கமாக.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாருக்காவது வரன் தள்ளிப்போனால், "கிணத்துக்கடவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க," என்று கேலி செய்கிறார்கள். கேலிதான், ஆனாலும் வருகிறார்கள். காபி குடித்துவிட்டு, "பாத்ரூம் எங்கீங்க?" என்று தெரியாதது போலக் கேட்டு, படியேறிப் போய்விட்டு வருகிறார்கள். கல்யாணம் முடிவானால் முதல் பத்திரிகை மச்சானுக்குப் போகிறது.