கம்பளிக் கொட்டகையில் கடைவாய்ப்பல்

பல் என்பது உடம்பின் ஓர் உறுப்பு என்று மார்னி கில்ஃபாய்லுக்குக் கல்லூரியில் ஐந்து வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். அது ஒரு வியாபாரம் என்பதைப் பட்டம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் இருக்கும் எங்கள் குரிண்டாவில் கோதுமை உண்டு, ஆடு உண்டு, மூன்று பப் உண்டு; பல் டாக்டர் மட்டும் கிடையாது. இருந்தவரும் மீன் பிடித்துக் காலம் கழிக்கிறேன் என்று கடலோரம் போய்விட்டார். பல் வலித்தால் அரை நாள் கார் ஓட்ட வேண்டும், அல்லது பீர் குடிக்க வேண்டும். ஊரில் பெரும்பாலோர் இரண்டாவது வைத்தியத்தையே கடைப்பிடித்து வந்தோம். ஆகவே மார்னி பழைய இறைச்சிக் கடையை வாடகைக்குப் பிடித்து, சாய்வு நாற்காலியும் துளைக்கும் கருவியும் கொண்டுவந்து இறக்கியபோது, தெருவே கூடி வாயைத் திறந்து காட்டியது.

ஆனால் ஊர் மன்றத்தில் ஒரு விதி இருந்தது. தொழில் தொடங்கும் எவரும் 'வணிக ஆயத்தப் பயிற்சி' பெற்றாக வேண்டும். பயிற்சியாளர் டாரில் ஸ்ட்ரிக்லண்ட், அதற்கு முன் நீச்சல் குளம் கட்டி விற்றவர். மழை பொய்த்ததும் ஞானம் விற்க வந்துவிட்டார்.

"டாக்டர், முதல்ல பல்லை மறந்துடுங்க" என்றார் டாரில்.

"நான் பல் டாக்டராச்சே?"

"அதான் பிரச்சினையே. பல்லுன்னாலே ஜனங்களுக்கு நடுக்கம். நடுக்கத்தை எவன் வாங்குவான்? நீங்க விக்கப்போறது முறுவல்."

"சொத்தைன்னு வந்தா?"

"சொத்தைன்னு சொல்லாதீங்க. 'வளர்ச்சிக்கு இடமுள்ள பகுதி'ன்னு சொல்லுங்க."

"வலிக்குதுன்னா?"

"வாழ்த்துகள்னு சொல்லுங்க. வாடிக்கையாளர் மனம் திறந்து பேசுறார் இல்லையா?"

மார்னி நல்ல பிள்ளை. படிப்பு எதுவானாலும் முதல் வகுப்பில் தேறுவது அவள் வழக்கம். இதிலும் தேறினாள். சான்றிதழில் 'பல்லை மறத்தல்: மிகச் சிறப்பு' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. கடைக்கு 'முறுவல் முற்றம்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே சோபா, வெந்நீர்த் துண்டு, திமிங்கிலம் பாடும் பாட்டு. சாய்வு நாற்காலியைத் திரை போட்டு மறைத்தாயிற்று.

திறப்பு நாளன்று அனுமதி அதிகாரி நோரீன் டக்கெட் வந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார், திமிங்கிலத்தைக் கேட்டார், சோபாவில் உட்கார்ந்து எழுந்தார்.

"இளைப்பாறும் கூடம்னு அனுமதி கொடுத்தாச்சு, டாக்டரம்மா. இளைப்பாறும் கூடத்துல கெட்டில் கொதிக்கிறதுக்கு மேல சத்தம் வரக்கூடாது. ரத்தம் வரவே கூடாது."

"அப்ப பலகையை மாத்திடறேங்க. பல் மருத்துவமனைன்னே போட்டுக்கறேன்."

"தாராளமா. ஆனா அதுக்குப் பல் பத்தித் தெரிஞ்சவங்க வேணும். நீங்க அதை மறந்ததுக்கு மன்றமே சான்று கொடுத்திருக்கே?"

மார்னி சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைத் திரும்பிப் பார்த்தாள். நோரீனிடம் இரக்கம் இல்லாமல் இல்லை; ஆனால் கூடவே விதியும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆட்டு ரோமம் வெட்டும் மெர்வ் பிரானிகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கன்னம் வழக்கம்போல் இருந்தது. மற்றது அவருக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

"பொண்ணே, இதைப் புடுங்கு. இல்லேன்னா என் தலையைப் புடுங்கு. ராத்திரி பூரா தூங்கலே."

மார்னி வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ். இன்னும் விட்டால் ரத்தத்தில் விஷம் ஏறும். திரையை விலக்கப் போனாள்.

"சத்தம், ரத்தம்" என்று நினைவூட்டினார் நோரீன்.

"எங்கதாங்க இதைச் செய்யலாம்?" என்றாள் மார்னி. "இந்த மனுஷன் சாகட்டுமா?"

நோரீன் உண்மையாகவே யோசித்தார். "ரோமம் வெட்டற கொட்டகையில ரெண்டுக்கும் அனுமதி உண்டு. ஆனா அது ஆட்டுக்கு மட்டும்."

"நான் ஆடுதான்!" என்றார் மெர்வ். "எழுதிக்கோ நோரீனக்கா. சீக்கிரம் எழுதித் தொலை."

ஆட்டுக்கு அடையாளமாக மாட்டும் மஞ்சள் வில்லையைக் காதில் மாட்டி, மெர்வை அவருடைய சொந்தக் கொட்டகைக்கே ஓட்டிக்கொண்டு போனோம். மார்னி நாற்காலியை அங்கே கொண்டுவந்து கழுவி, கருவிகளைக் கொதிக்க வைத்து, ஊசி போட்டு மரக்கச் செய்து, பல்லை எடுத்தாள். வெகு சுத்தமான வேலை. மெர்வ் அழுதுவிட்டார். பல்லுக்காக இல்லையாம், அத்தனை வருஷமாக அந்தக் கொட்டகையில் தன்னிடம் யாரும் அப்படிப் பதமாக நடந்துகொண்டதில்லையாம்.

மறுநாள் கொட்டகை வாசலில் கூட்டம். பேங்க் மேனேஜர், பள்ளித் தலைமை ஆசிரியை, பாதிரியார் எல்லோரும் மஞ்சள் வில்லையோடு நின்றார்கள். பாதிரியார் மட்டும், ஆடு என்ற சொல் தமக்குப் புதிதல்ல என்றார். கொஞ்ச நாளில் நோரீனுக்கே ஞானப்பல் முளைத்தது. தம் காதில் தாமே வில்லையை மாட்டிக்கொண்டு, தமக்குத் தாமே அனுமதி வழங்கி, வரிசையில் வந்து நின்றார்.

செய்தி சிட்னிக்குப் போயிற்று. பளபளக்கும் கார்களில் வந்து இறங்கினார்கள். பல் நன்றாக இருந்தவர்களும் வில்லை கேட்டார்கள். டாரில் இதற்கு 'மந்தை அனுபவம்' என்று பெயர் சூட்டி, இதெல்லாம் தம் யோசனைதான் என்று மேடைக்கு மேடை பேசினார். மந்தமாக "மே..." என்று கத்துவது நரம்புக்கு நல்லது என்று பத்திரிகையில் போட்டார்கள். அது உண்மைதான். நானே கத்திப் பார்த்தேன்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருக்கையில் மன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் வழக்கம்போல் வாக்குச்சாவடி வாசலில் சாசேஜ் சுடும் வாசம். நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போனோம்.

மேசையில் இருந்த நோரீன் வில்லை மாட்டியவர்களின் பதிவேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மன்னிக்கணும். ஆட்டுக்கு ஓட்டு கிடையாது."

"உனக்கு?" என்றார் மெர்வ்.

"எனக்கும்தான்" என்றார் நோரீன், வருத்தத்தோடு.

ஊரில் பல் வலியே வராமல், வில்லையும் மாட்டாமல் இருந்தவள் மார்னி ஒருத்திதான். அவள் உள்ளே போனாள், தன் பெயருக்கே ஓட்டுப் போட்டாள், ஏகமனதாக மன்றத் தலைவியானாள்.

எங்களுக்கெல்லாம் பரம சந்தோஷம். விதியால் அடிபட்ட பெண், விதிகளை ஒழித்துக்கட்டுவாள் என்று பப்பில் பேசிக்கொண்டோம். பதவியேற்றதும் அவள் முதல் ஆணை வந்தது: மனிதராகத் திரும்ப விரும்பும் ஆடுகள் அனைத்தும் 'மனித ஆயத்தப் பயிற்சி' முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். பயிற்சியாளர், திரு. டாரில் ஸ்ட்ரிக்லண்ட்.

ஏன் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்றுதான் நானும் கிளம்பினேன். ஆனால் அதற்குள் பயிற்சிக்கூட வாசலில் வரிசை நீண்டுவிட்டது. இடம் போய்விடுமே என்று, முன்னால் இருந்தவரை ஒட்டி நின்றுகொண்டேன்.