ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பேசியது

பேரம் பேசுவதில் நான் எமகாதகன் என்று தாராவியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வயது ஐம்பத்திரண்டாகிவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் என் வாழ்நாளில் பேரமே பேசியதில்லை. எனக்கு வாய் வராது.

கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அது அதிகம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சரி என்று சொல்லப் பயமாக இருக்கும். அதனால் சாமானைத் தடவிக்கொண்டே நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே ஐம்பது ரூபாய் குறைப்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தரையைப் பார்ப்பேன். இன்னும் ஐம்பது குறையும். (சரியான கல்லுளிமங்கன் என்று என் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கிறார்.)

நான் வேலை பார்ப்பது தோல் பை தைக்கும் பட்டறையில். தோல் ஒரு கடை, உள்துணி ஒரு கடை, ஜிப் ஒரு கடை என்று அலைந்து, எங்கே விலை விழுகிறதோ அங்கே வாங்கி வந்து, வெட்டிச் சீவி ஒன்றாகத் தைப்போம். எது பொருந்தாவிட்டாலும் கையில் கத்தி இருக்கிறது. இதுதான் நான் படித்த படிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் தமிழில்.

என் மகள் மாலா அப்போது செம்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே தமிழிலும் இந்தியிலும் வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை. கம்ப்யூட்டரும் ஹெட்போனும் சொந்தமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பேச வைத்துப் பார்ப்பார்கள். தேறினால், உட்கார்ந்து பார்க்கிற வேலை.

கம்ப்யூட்டர் திரை காட்கோபரில் என் மச்சான் வீட்டில் சும்மா கிடந்தது, வந்துவிட்டது. மற்றதையெல்லாம் என் மனைவி தங்கத்தின் சீட்டுப் பணம் இருபத்தையாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். மாலாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"யப்பா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஒரே கடைக்குப் போ. இந்தத் தாளைக் காட்டு. அவங்களே எடுத்து வச்சு மாட்டிக் குடுத்துருவாங்க."

"முப்பத்தஞ்சு வருசமா சாமான் வாங்குதேன். எனக்கு நீ சொல்லித் தரணுமாக்கும்?" என்றேன். (வீட்டுக்குள் எனக்கு வாய் நன்றாகவே வரும்.)

வெள்ளிக்கிழமை காலை மாஹிமில் ரயிலேறி கிராண்ட் ரோட்டில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்குப் போனேன். கடை கடையாகக் கம்ப்யூட்டர் சாமான். முதல் கடையில் தாளை எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முன்னால் தாளை நீட்டினால் இந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடாதா? தாள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

அப்புறம் என்ன, எனக்குத் தெரிந்த வித்தைதான். கேபினட் என்கிற பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், தடவினேன், தரையைப் பார்த்தேன். முந்நூறு குறைந்தது. அடுத்த கடையில் போர்டு, அதாவது சில்லு எல்லாம் சொருகுகிற பலகை. எந்த போர்டு என்று கேட்டார் கண்ணாடி போட்ட சேட். அட்டைப் பெட்டி நேர்த்தியாக ஒட்டியிருந்த ஒன்றை விரலால் காட்டினேன். வெளியே எடுத்துத் தந்ததும் பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தேன். (நல்ல தோலா, ரெக்சினா என்று மூக்குதானே சொல்லும்?) சேட் அரண்டுவிட்டார். இவன் ஏதோ பழைய சரக்கு என்று கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, அறுநூறு குறைத்தார். மூன்றாவது கடையில் பிராசஸர் என்கிற சில்லு, நான்காவதில் ராம் என்கிற பட்டை, ஐந்தாவதில் மிச்சம். ராமில் பெரிதும் சின்னதுமாக இரண்டு வகை இருந்தது. சின்னது நுணுக்கமான வேலையாகத் தெரிந்தது, அதை எடுத்தேன். பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. ஹெட்போனை நாளைக்கு நிதானமாகப் பார்த்து வாங்கலாம் என்று, ராஜா மாதிரி வீடு திரும்பினேன். அன்று சாயங்காலம் பட்டறையில் என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

மாலா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பெட்டிகளைப் பிரித்தாள். செல்போனில் படம் பார்த்துப் பார்த்து மாட்டினாள். சில்லைப் போர்டில் வைத்தாள், எடுத்தாள், திருப்பி வைத்தாள். முகம் மாறியது. சில்லுக்கு அடியில் முள் முள்ளாக ஊசி. அது உட்கார வேண்டிய இடத்திலும் ஊசி. பையில் பிரஸ் பட்டன் வைக்கிறோமே, அதில் குமிழ் ஒன்று, குழி ஒன்று இருந்தால்தானே டப்பென்று மூடும்? நான் இரண்டு குமிழாக வாங்கி வந்திருந்தேன். ராமோ பாதி இடத்துக்குத்தான் வந்தது. அது மடியில் வைக்கிற கம்ப்யூட்டருக்கானதாம்.

"இரு, கொஞ்சம் சீவி விட்டா உக்காந்துரும்" என்று தோல் சீவுகிற கத்தியை எடுத்தேன். மாலா போர்டைப் பிள்ளையை அணைப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டாள்.

"யப்பா, தாளைக் காட்டினியா, இல்லியா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தங்கம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். "மாப்பிள்ளையப் பாத்தாச்சு, பொண்ணையும் பாத்தாச்சு. ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாக்காம தாலியக் கட்டக் கொண்டாந்திருக்கீய" என்றாள். மாலா சிரிக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடி வைத்துவிட்டு, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் லாமிங்டன் ரோடு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை இருக்காது, ஆகவே அந்த ஒரு நாள்தான். முதலில் போர்டு வாங்கிய சேட் கடைக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகளும் மற்றவர்களுமாகக் கூட்டம் நெரிந்தது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் வித்தையை ஆரம்பித்தேன், அதாவது சும்மா நின்றேன். சேட் என்னைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பை விரலால் காட்டினார், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். படிக்கத் தெரியாவிட்டாலும், விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று எழுதியிருப்பது புரிந்தது. கால் மணி நேரம் நின்றேன். தடவினேன். மோந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பணம் நம் பையில் இருக்கும்வரைக்கும்தான் நம் மௌனத்துக்கு மரியாதை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் சேட்டுக்கே தர்மசங்கடமாகிவிட்டது. போர்டை மறந்துவிடு அண்ணா, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். (பம்பாயில் தமிழன் எல்லாருமே அண்ணாதான்.) காதைத் தொட்டுக் காட்டினேன். கறுப்பாக, காதையே முழுங்குகிற மாதிரி ஒரு ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டி, பாட்டையும் போட்டுவிட்டார்.

அந்த நிமிஷத்தில் பம்பாய் நின்றுவிட்டது. ஹாரன் இல்லை, கூட்டத்தின் சத்தம் இல்லை. சேட்டின் வாய் அசைகிறது, குரல் இல்லை. பாட்டு மட்டும் எங்கோ தூரத்துக் கோயிலில் போடுகிற மாதிரி கேட்டது. நான் ஏதோ முணுமுணுத்தேன். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய உண்மை தெரிந்தது. இத்தனை வருடமாகக் கூச்சம் என் வாயில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது காதில் இருந்திருக்கிறது. என் குரல் எனக்குக் கேட்காதபோது எனக்குக் கூச்சமே இல்லை.

தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன். சேட்டுக்கு மட்டும் கேட்கும்படி, ரகசியமாக, நிதானமாகப் பேசினேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது சேட். இந்தத் தாளை நேத்தே காட்டியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு. அஞ்சு கடையில வாங்கினேன், ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. எம் மக பத்து மணி நேரம் நிண்ணுக்கிட்டே வேலை பாக்கா. காலு ரெண்டும் வீங்கிப் போவுது. திங்கக்கிழமை இது ஓடினாத்தான் அவ உக்காருவா. நீரு மாத்தித் தார வரைக்கும் நானும் இங்கயேதான் நிப்பேன்."

பேசி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கடையில் ஒருவரும் அசையவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாங்கிய அதே போர்டைக் கையில் வைத்திருந்த ஒருவர், அதை மெதுவாக மேசைமேல் திரும்ப வைத்தார். சேட் வெளிறிப்போய் இரண்டு கையையும் கீழே கீழே என்று ஆட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

ஒரு அம்மாள் வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். மாட்டுங்காவில் குடியிருக்கிற தமிழ் அம்மாளாம், பேத்திக்கு ஏதோ வாங்க வந்தவர்.

"ஏன் இப்படிக் கத்தறேள்?" என்றார்.

"நான் மெதுவாத்தானம்மா சொன்னேன்."

"மாட்டுங்கா வரைக்கும் கேட்டிருக்கும். ஆரம்பம்தான் ஹிந்தி, அப்புறம் பூரா தமிழ்லயே பேசினேள். நான்தான் சேட்டுக்கு அர்த்தம் சொன்னேன். நடுவுல நீங்க அவரைத் திட்டினதை மட்டும் விட்டுட்டேன்."

"திட்டினேனா?"

"நன்னாவே திட்டினேள்."

(மேலே எழுதியதில் அந்தப் பகுதியை நானும் விட்டுவிட்டேன்.)

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. ஆனால் பூமி பிளப்பதற்குள் சேட் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நிறைந்த கடையில், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வார்? இது உன் மகள் எழுதியதா என்று கேட்டார். நல்ல தெளிவாக எழுதியிருக்கிறாள், இதைக் காட்டியிருந்தால் நேற்றே பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றார். பிறகு போனை எடுத்தார். அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள்தான் போலிருக்கிறது. போர்டை அவரே மாற்றினார். ராம் மூன்றாவது நிமிஷத்தில் எதிர்க் கடையிலிருந்து வந்தது. கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் பெட்டிக்குள் மாட்டி, கடைத் திரையில் சேர்த்து, பொத்தானை அழுத்தினார்கள். நீலமாக ஒளி வந்தது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பை தைத்து முடித்தபோது ஒருநாளும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

ஹெட்போனுக்கு என்ன விலை என்று கேட்டேன். வாயைத் திறந்து, நானாகவே கேட்டேன். சேட் கும்பிடு போட்டார். இதை உன்னைவிட நன்றாக யாரும் சோதித்துப் பார்த்திருக்க முடியாது அண்ணா, இருப்பதைக் கொடு, ஆனால் கடைக்குள் மட்டும் இனிமேல் மாட்டாதே என்றார். மிஞ்சியிருந்த பணத்திலேயே முடிந்தது. ரயிலில் சாமான் பெட்டியில் ஏறி, கேபினட்டை மடியில் வைத்து, ஹெட்போனைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பதினொரு மணி. எங்கள் வீடு மாடியில், கீழே பட்டறையின் ஆறு தையல் மிஷின். வழக்கம்போல மிஷின் ஓட, எதிர் வீட்டில் மிக்ஸி ஓட, மாலா ஹெட்போனை மாட்டி உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினாள். பேசி முடித்ததும், எந்த ஆபீஸிலிருந்து பேசுகிறீர்கள், இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டார்களாம். அந்த ஹெட்போனின் மைக்கும் வெளிச் சத்தத்தை உள்ளே விடாதாம். வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவளுக்கு எப்போதும் உட்கார்ந்திருக்கிற வேலை. தங்கம்தான், பிள்ளை கொஞ்சம் எழுந்து நடக்கக் கூடாதா என்று புலம்புகிறாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள். குழாய்த் தண்ணீர் பற்றிப் பேச கமிட்டிக் கூட்டத்துக்குப் போக வேண்டுமா, மருத்துவரிடம் வலியைச் சொல்ல வேண்டுமா, நான் முணுமுணுத்தால் போதும், "ஏட்டி, அப்பாவுக்கு அதை மாட்டி விடு" என்பாள் தங்கம்.

போன மாதம் வாஷியிலிருந்து மாலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனை மாலாவுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டது, நாங்கள் சரி சொல்வதுதான் பாக்கி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்க ஆரம்பித்தது. மாலா எழுந்தாள், மேசையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் என் தலையில் மாட்டினாள்.

"எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று அடக்கமாகச் சொன்னேன்.

ஒரு நிமிஷம் கழித்துக் கழற்றினால், கீழே மிஷின் சத்தத்தைக் காணோம். ஏணிப்படியில் காலடிச் சத்தம். பட்டறை ஆட்கள் ஆறு பேரும் மேலே வந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள்.

தங்கம் அவர்களுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள். சம்பந்தியம்மாவிடம் கோப்பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "பத்திரிகை செலவு மிச்சம் மதினி. நாளைக் குறிச்சுட்டுச் சொல்லுங்க, இவியளை மொட்டை மாடியில ஏத்தி, ஹெட்போனை மாட்டி விட்டுருதோம்."