ராக்கம்மா பிரிண்டரான வரலாறு

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். அதற்குச் சொந்தமாக அம்பிட்டிய மேட்டில் ஒரு போதனா வைத்தியசாலை. பெயர்களைச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆகவே இரண்டும் இருப்பதாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

இவ்விரு இடங்களிலும் கணினி என்று சொல்லத்தக்க எதற்கு எந்த வியாதி வந்தாலும் குணப்படுத்தும் பொறுப்பு தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு உரியது. பிரிவில் பணிப்பாளர் ஒருவர், உதவிப் பணிப்பாளர்கள் நால்வர், இணைப்பாளர்கள் ஆறு பேர். இவர்களைத் தவிர, வேலை செய்வதற்கென்று லெட்சுமணன் என்ற தொழில்நுட்பவியலாளரும், டெலிபோனை எடுப்பதற்கென்று ஞானேஸ்வரியும் இருந்தார்கள்.

ஞானேஸ்வரி மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அதே பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, முதல் வகுப்பில் தேறி, அதே வளாகத்தில் ஒப்பந்த அடிப்படையில் டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். வாதாடாமல் அவள் பஸ்ஸில் மிச்சக் காசுகூட வாங்கியதில்லை. நூறு டிக்கட் மூடினால் நிரந்தர நியமனம் என்று பணிப்பாளர் முத்துலிங்கம் வாக்களித்திருந்தார். அவள் கணக்கில் அப்போது ஐம்பத்தெட்டு.

டிக்கட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்த வினை. கணினிக்காரர்களிடம் ஒரு முறைப்பாடு வந்தால் அதற்கு இலக்கம் போட்டுப் பதிவார்கள், அது டிக்கட். வேலை முடிந்தால் டிக்கட்டை மூடுவார்கள். ஆஸ்பத்திரியிலோ, கட்டிலில் கிடக்கும் நோயாளியின் விபரம் எழுதிய தாள்தான் டிக்கட். அதை வெட்டினால் நோயாளி வீட்டுக்குப் போகலாம். இவை இரண்டும் வேறு வேறு என்பது சாதாரண மனிதருக்குத் தெரியும். முத்துலிங்கம் சாதாரண மனிதர் அல்லர், பணிப்பாளர்.

“நாங்களும் டிக்கட் எண்டுதான் சொல்லுறம், ஆஸ்பத்திரியிலையும் டிக்கட் எண்டுதான் சொல்லீனம்,” என்றார் மாதாந்தக் கூட்டத்தில். “சொல் ஒண்டு. பிறகேன் மென்பொருள் இரண்டு?”

“சேர், பஸ்ஸிலயும் டிக்கட்னுதான் சொல்றாங்க. அதையும் சேர்த்துருவமா?” என்றாள் ஞானேஸ்வரி.

“நல்ல யோசனை, பிள்ளை. இரண்டாம் கட்டத்திலை பாப்பம்,” என்று குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்றாயின. கூடவே சுற்றுநிருபமும் வந்தது: ‘நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எந்தவொரு டிக்கட்டும் திறந்த நிலையில் இருத்தலாகாது. இருப்பின் அது தன்னியக்கமாக மூடப்பட்டு, பிரச்சினை தீர்க்கப்பட்டதாகக் கருதப்படும்.’

பலன் உடனே தெரிந்தது. மாணவியர் விடுதியில் ஆறு மாதமாக வராத வைஃபை நாற்பத்தெட்டே மணித்தியாலத்தில் தீர்ந்தது. வைஃபை வரவில்லை, பிரச்சினை மட்டும் தீர்ந்தது.

இந்தச் சுபவேளையில்தான் ஞானேஸ்வரியின் அம்மா ராக்கம்மா, மழையில் ஊறிய மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வாட்டில் சேர்த்தார்கள். எலும்பைச் சேர்த்துப் பூட்ட ஸ்டீல் பிளேட் ஒன்று கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்ததும் வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஞானேஸ்வரி வாட்டுக்குப் போனபோது அம்மாவின் கட்டிலுக்குச் சோறு வந்திருக்கவில்லை.

“காலையில டாக்டர் வந்தாராம்மா?”

“வந்தாரு. இந்தக் கட்டில்ல ஆளில்லைன்னு தாண்டிப் போயிட்டாரு. நான் கையக்கூட ஆட்டுனேன்.” ராக்கம்மா தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். “இதுல என்னமோ வந்துச்சு. நர்ஸ் மிஸ்கிட்ட வாசிக்கச் சொன்னேன்.”

ஞானேஸ்வரி வாசித்தாள். ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எமது சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’

“நட்சத்திரம் கேட்டாங்க. ரேவதின்னு சொன்னேன்,” என்றாள் ராக்கம்மா. “ஆஸ்பத்திரியில இதெல்லாம் பாத்துத்தான் ஒப்பரேஷன் பண்றாங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நல்ல பழக்கம்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த, அக்குறணை ஊர்க்காரரான சித்தி றலியா என்ற அம்மா சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. இழுப்பு வியாதி.

வாட்டு எழுதுவினைஞர் ஜமால்தீன் கடமை தவறாதவர். ரேவதி எத்தனையாவது என்று வெளியே கச்சான் கடலை விற்கும் ஐயாவிடம் விசாரித்து, இருபத்தேழு என்று ஏற்கெனவே பதிந்துவிட்டார். ஐந்துக்கு இருபத்தேழு கிடைத்ததில், வைத்தியசாலையின் சராசரி அன்று நாட்டிலேயே முதலிடத்துக்குப் போயிருந்தது.

“ஜமால்தீன் நானா, அம்மாவோட டிக்கட்ட யாரு வெட்டினது?”

“நான் வெட்டல்ல தங்கச்சி. அது தானா வெட்டுப்பட்டிச்சி. உம்மாட பிரச்சின தீந்திட்டுதாமே, நல்ல விஷயந்தானே?”

“கால் அப்படியே முறிஞ்சுதானே கிடக்கு!”

“கால் முறிஞ்சிரிக்கி, சரி. ஆனா பிரச்சின தீந்திரிக்கி.” அவர் திரையைக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். “பேர் இல்லாத ஆளுக்கு நான் எப்படிச் சோறு போட? வியாழன் லிஸ்ட்லயும் பேர் போயிட்டுது. புதுசாப் பதிஞ்சா அடுத்த திகதி பெப்ரவரியில.”

அது ஜூலை மாதம். அதுவரை முறிந்த காலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சுற்றுநிருபத்தில் இல்லை.

ஞானேஸ்வரி மேட்டிலிருந்து இறங்கி, நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனாள். முத்துலிங்கம் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார். அதில் ‘திறந்த டிக்கட்: 3’ என்று இருந்தது.

“சேர், எங்க அம்மா டிக்கட்ட மூடிட்டாங்க.”

“வாழ்த்துக்கள், பிள்ளை.”

“சேர், அவங்களால நிக்க முடியல!”

“நிக்கிறதும் இருக்கிறதும் மருத்துவப் பிரச்சினை. எங்கட அளவுகோல் தீர்வு விகிதம்.”

“தீராததத் தீர்ந்துச்சுன்னு சொல்ற விகிதம் எதுக்கு சேர்? அப்ப அந்த மூணு டிக்கட் மட்டும் எப்படித் திறந்திருக்கு?”

“ஓம், அது விதிவிலக்கு. பழுதான உபகரணம், உதிரிப்பாகம் வரும்வரை காத்திருந்தால் மட்டும் மூடத் தேவையில்லை. வாசிச்சுப் பாரும். ஒன்பதாம் பந்தி.”

ஞானேஸ்வரி வாசித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுற்றுநிருபத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தன் மேசைக்குப் போய், பொருட்பதிவில் ஒரு பழுதான உபகரணத்தைச் சேர்த்தாள். வகை என்ற இடத்தில் பிரிண்டர், ஸ்கேனர், மொனிட்டர், மவுஸ் என்று நான்கே இருந்தன. மனுசி இல்லை. பிரிண்டரை அழுத்தினாள். மற்றதெல்லாம் சத்தியம்:

‘இடம்: பெண்கள் வாட்டு, பதினான்காம் கட்டில். பழுது: நிற்க முடியவில்லை, அசைத்தால் சத்தம் போடுகிறது. காரணம்: உயரத்திலிருந்து விழுந்தது. தேவையான உதிரிப்பாகம்: ஸ்டீல் பிளேட் ஒன்று, ஸ்க்ரூ ஆறு.’

இதற்குப் பிறகு நடந்தவை அனைத்தும் மிக ஒழுங்காக நடந்தன. பழுதான உபகரணத்தை அன்றைக்கே பார்வையிட வேண்டும் என்பது விதி. லெட்சுமணன் ஸ்க்ரூட்ரைவரோடு வாட்டுக்கு வந்தார். ராக்கம்மாவைப் பார்த்தார். பதிவைப் பார்த்தார். இருபது வருடச் சேவையில் அவர் ‘ஏன்’ என்று கேட்பதை எப்போதோ விட்டிருந்தார்.

“எங்க விழுந்தீங்க?”

“பத்தாம் நம்பர் மலையில, தம்பி.”

“எத்தன வருசமாப் பாவிக்கிறீங்க இந்தக் கால?”

“அம்பத்தி மூணு.”

“அப்ப நல்ல சாமான்தான். இப்ப வாறதெல்லாம் ரெண்டு வருசம் தாங்காது,” என்று சொல்லி, கட்டிலின் இரும்பிலும் ராக்கம்மாவின் மணிக்கட்டிலும் இலக்கம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினார். ‘அசைக்க வேண்டாம். உதிரிப்பாகம் வரும்வரை இவ்விடத்திலிருந்து அகற்றத் தடை’ என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டார். அதன்பிறகு அந்தக் கட்டிலிலிருந்து அவளை எழுப்பும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

பிளேட் புதன்கிழமையே வந்தது. நோயாளிக்குக் கேட்டிருந்தால் மூன்று குழுக்கள் கூடியிருக்க வேண்டும். பிரிண்டருக்கு அவசரக் கொள்முதல். மென்பொருள் ஒன்றே ஆனபடியால், வியாழக்கிழமை டாக்டரின் பட்டியலில் ‘பிரிண்டர், ஒன்று’ என்று இருந்தது. அவர் ஒரு கணம் யோசித்தார். ஸ்டிக்கர் இலக்கமும் பட்டியல் இலக்கமும் பொருந்தின. கால் பூட்டப்பட்டது.

“மகள்,” என்று கூப்பிட்டார் சித்தி றலியா, வெள்ளிக்கிழமை. “எனக்கும் நேத்து நாப்பத்தெட்டு மணித்தியாலம் முடிஞ்சிட்டுதாம், சோறு வரல்ல. என்னையும் ஏதாச்சும் மெஷினாப் போட்டு வைங்களேன். இழுப்புத்தானே, ஏசியாப் போட ஏலாதா?”

“ஏசி நம்ம பிரிவில்ல, றலியாம்மா. பிரிண்டர்தான்.”

“அல்லாவே, பிரிண்டராச்சும் போடுங்க.”

‘பழுது: காற்று உள்ளே போகிறது, வெளியே வரத் தாமதிக்கிறது’ என்று பதிந்தாள் ஞானேஸ்வரி. செய்தி வாட்டிலிருந்து வாட்டுக்குப் போனது. அடுத்த வாரம் வைத்தியசாலையில் நாற்பத்தொரு பிரிண்டர்கள் படுத்துக்கிடந்தன. சில இருமின. ஒன்று பிள்ளை பெற்றது. அதை ஸ்கேனராகப் பதிந்தார்கள். உண்மையான பிரிண்டர் ஜமால்தீனின் மேசையில் பதினொரு மாதமாகப் பழுதாய் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதன் பிரச்சினை தீர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிண்டராகக் குணமாகக் குணமாக, மூடியவர் கணக்கில் ஞானேஸ்வரியின் எண் ஏறியது.

ராக்கம்மா வீட்டுக்குப் போகும் நாளில் வாசலில் செக்கியூரிட்டிக்காரர் கையை நீட்டி மறித்தார். “ஸ்டிக்கர் ஒட்டின சாமான் கேட் பாஸ் இல்லாம வெளிய போகக் கூடாது.” கேட் பாஸ் எழுதினார்கள். ‘பொருள் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொண்டுவரப்படல் வேண்டும்.’ ராக்கம்மா கைநாட்டு வைத்தாள்.

“பாத்தியா புள்ள,” என்றாள் வேனில் ஏறியதும். “மனுசியா இருந்தப்ப ஒரு திகதி குடுக்கல. இப்ப அவங்களே கட்டாயம் வரச் சொல்றாங்க.”

இதற்கிடையில் கொழும்பிலிருந்து வந்த குழு அறிக்கை ஒன்றைத் தந்தது. நாட்டிலேயே ஆகக் கூடுதலான பிரிண்டர்கள் உள்ளதும், தீராத நோயாளி ஒருவரும் இல்லாததுமான ஒரே வைத்தியசாலை இதுதான் என்று பாராட்டி முத்துலிங்கத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். பெருமையில் அவர் இன்னொரு சுற்றுநிருபம் விட்டார்: ‘பிரிண்டர்கள் தேவைக்கு அதிகமாக உள்ளபடியால், இனிமேல் புதிய பிரிண்டரோ ஸ்கேனரோ மொனிட்டரோ பதியலாகாது.’ கையொப்பமிட்டுவிட்டு, கேடயத்தைச் சுவரில் மாட்டக் கதிரையில் ஏறினார். கதிரையும் பழுதாய்த்தான் இருந்தது. அதன் டிக்கட் போன மாதம் மூடப்பட்டது.

பதினான்காம் நாள், தையல் வெட்டுவதற்காக அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஞானேஸ்வரி வந்தாள். வாசலில் இரண்டு வரிசை. ‘உபகரணங்கள்’ என்ற வரிசை தெருவரை நீண்டு வேகமாக நகர்ந்தது. ‘நோயாளர்கள்’ என்ற வரிசையில் உட்கார ஒரேயொரு மர வாங்கு. அதில் ஒரேயொரு மனிதர், கணுக்காலில் கட்டோடு, மடியில் துணிப்பையோடு. முத்துலிங்கம்.

“பிள்ளை ஞானேஸ்வரி! நல்ல காலம் வந்தீர். எலும்பு வெடிச்சுப் போச்சு. இரண்டு நாளாய் இருக்கிறன். இன்னும் ஒரு நிமிசத்திலை நாப்பத்தெட்டு மணித்தியாலம் முடியுது. என்னை ஒரு பிரிண்டராய்ப் போட்டுவிடுமன்.”

“பிரிண்டர் பதியலாகாது, சேர். நீங்கதானே கையெழுத்து வச்சீங்க.” அவள் போனை எடுத்து அவருடைய பதிவைத் திறந்தாள். “மவுஸ் மட்டுந்தான் மிச்சமிருக்கு.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மவுஸ் எண்டாலும் பரவாயில்லை.”

“மவுஸ நாங்க திருத்துறதில்ல, சேர். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்துறதுதான்.”

“அதெப்பிடி? நான் ஒரு மனிசன், பிள்ளை!”

“அந்த வகை லிஸ்ட்ல இல்ல, சேர்.”

“ஏன்டி புள்ள, பாவம், ஏதாச்சும் எழுதிக் குடேன்,” என்றாள் ராக்கம்மா.

ஞானேஸ்வரி மறுப்பதற்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் முத்துலிங்கத்தின் போன் ‘டிங்’ என்றது. உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எத்தனை நட்சத்திரம்? பழக்க தோஷத்தில் அவருடைய விரல் ஐந்தையும் அழுத்தியது.

அடுத்த கணம் ஞானேஸ்வரியின் போனும் ‘டிங்’ என்றது. கடைசியாகப் பதிவைத் திறந்தவர் அவள்தான். ‘தீர்த்துவைத்த உத்தியோகத்தர்: ஞானேஸ்வரி. இது உங்கள் நூறாவது டிக்கட். நிரந்தர நியமனத்துக்கு வாழ்த்துக்கள்.’

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். முத்துலிங்கத்தைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் நாற்காலியை உபகரணங்களின் வரிசைக்குள் தள்ளினாள்.

அன்றைக்கு அவள் வாதாடவில்லை.