இடி முழங்கினால் ஓஃப் அண்ணை

பிள்ளைகளே, எங்கள் விசுவமடுவில் யானைக்குப் பயந்தவர்கள் உண்டு, பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு. உள்ளங்கையளவு போனுக்குப் பயந்தவர் உலகத்திலேயே ஓஃப் அண்ணை ஒருவர்தான்.

வானம் லேசாக உறுமினால் போதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார். "ஓஃப் பண்ணுங்கோ! எல்லாரும் போனை ஓஃப் பண்ணுங்கோ!" என்று வயல்வெளி முழுக்க மணியடித்துக்கொண்டு போவார். அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்தே போயிற்று.

ஒருநாள் உழவு மெசின்காரன் கேட்டான், "என்னண்ணை, ஒரு முகிலையும் காணேல்லையே?"

"இடியென்ன, உனக்குச் சொல்லிப்போட்டே வரும்? ஓஃப் பண்ணடா!"

அம்மன் கோயில் பூசையிலும் விடவில்லை. ஐயரின் இடுப்பில் போன் செருகியிருந்ததைக் கண்டுவிட்டார். மந்திரத்தை நிறுத்திய ஐயர், "அது ஓஃபிலதான் கிடக்குது" என்றார்.

"பற்றரியையும் கழட்டுங்கோ ஐயா. அம்மாள் பொறுப்பா, இடி பொறுக்காது."

தன் போனைப் பொலித்தீனில் சுற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையை ஆட்டுக்கொட்டிலில் வைத்திருந்தார். "ஆரும் இவருக்குப் போனில கோல் எடுத்தா ஆடுதான் கதைக்கும்" என்பா அவருடைய மனுசி.

நாங்கள் சிரித்தோம்தான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே சிரிக்க ஒருவருக்கும் மனம் வராது.

அவருக்கு ஒரே மகன். இந்தப் பயமெல்லாம் தொடங்கமுன்னம், ஓர் ஐப்பசிப் பின்னேரம் அவன் வயலில் நின்றான். வானம் கறுப்பதைக் கண்ட அண்ணை வீட்டிலிருந்து கோல் எடுத்தார். "மழை வருது மோனை, கெதியா வா." தனித்து நின்ற பாலைமரத்தின் கீழ் ஒதுங்கியிருந்த மகன், "இந்தா வாறன் அப்பா" என்றான். அத்தோடு சத்தம் நின்றுவிட்டது.

செத்தவீட்டில் யாரோ, "போன்தான் இடியை இழுத்தது" என்றார்கள். அண்ணை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கோல் எடுத்தது யார்? தான்தானே.

சில வருடங்களுக்குப் பிறகு, மின்னல் ஆபத்தைப் பற்றிச் சொல்ல ஓர் உத்தியோகத்தர், இளம் பெண்பிள்ளை, எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தா. "சார்ஜில போட்டபடி கதைக்காதேங்கோ, வயரால மின்சாரம் வரும். மற்றும்படி கையில இருக்கிற போன் இடியை இழுக்காது" என்றா.

அண்ணை துள்ளி எழும்பினார். "பொய்! இடிக்குள்ள நான் சைக்கிளில திரிஞ்சு இந்த ஊரைக் காப்பாத்திறன், தெரியுமோ?"

"ஐயோ, வெட்டவெளியில திரிஞ்ச நீங்கள்தான் ஐயா ஊரிலயே பெரிய ஆபத்தில நிண்டிருக்கிறியள்!"

மண்டபம் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"நான் கோல் எடுக்கேக்கதான் பிள்ளை, என்ர பெடியனுக்கு விழுந்தது. பாலைமரத்துக்குக் கீழ நிண்டவன். நான் எடுக்காட்டி?"

"எடுக்காட்டியும் விழுந்திருக்கும் ஐயா. அது மரத்துக்கு விழுந்த இடி. தனிமரத்துக்குக் கீழ ஒருதரும் ஒதுங்கக் கூடாது."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னா.

"இன்னொருக்கா."

அந்தப் பிள்ளை இறங்கி வந்து, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, மெல்லச் சொன்னா. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடுத்த ஐப்பசியில் நான் விதைத்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் வானம் ஒருமுறை உறுமியது. உடனே என் போன் அடித்தது. ஓஃப் அண்ணை!

"தம்பி, எங்க நிக்கிறாய்?"

"வயலில அண்ணை."

"விதைப்பை விட்டிட்டு வீட்டுக்குப் போ. போய்ச் சேருமட்டும் நான் வைக்கமாட்டன்."

நடந்தேன். அவர் பசளை, பன்றி, மனுசியின் முழங்கால் நோ என்று விடாமல் கதைத்துக்கொண்டே வந்தார். இடையிடையே "மரத்தடியில நிக்காத" என்றார். வாசற்படி ஏறி, "உள்ளுக்கு வந்திட்டன் அண்ணை" என்றேன்.

மறுபக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு.

"சரி மோனை" என்றார்.

வெளியே மழை பிடித்தது. அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.