பானைக்கு வந்த ஆங்காங் ஜுரம்

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் காஞ்சிபுரத்தில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கவில்லை. "உனக்கு எத்தினி குன்றிமணி?" என்றுதான் விசாரித்தார்கள்.

விஷயம் புரியாதவர்கள் சர்வதீர்த்தக் குளத்தங்கரைக்குப் போனால் போதும். அங்கே ஒரு பழைய சத்திரத்துக்கு முன்னால் பொழுது விடிந்ததும் கூட்டம் கூடிவிடும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள், ஓரிக்கைக் குடியானவர்கள், தும்முகிறவர்கள், தும்மாதவர்கள், தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். தொற்றுநோயிலிருந்து தப்பிப்பதற்காக எல்லோரும் ஒருவர் பிடரியில் ஒருவர் இருமிக்கொண்டு நின்றார்கள். உள்ளே தராசுச் சித்தர் நோயை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

நோய் புதியது. சீன தேசத்து ஆங்காங் பட்டணத்தில் புறப்பட்டு, கப்பலேறி, மெட்ராசில் இறங்கிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. அது காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுவதற்குள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நம் ஊரில் எது வந்தாலும் அதற்கு முன்னால் கட்சி வந்துவிடும்.

ஊழிக் கட்சிக்குத் தலைவர் தறிக்கார வேலாயுதம். டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படிப்பது அவர் வேலை. பாதி ஊர் போய்விடும், தூக்குவதற்கு நாலு பேர் மிஞ்சமாட்டார்கள் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் பாத்திரக்கடை ராமலிங்கம். இது வெறும் சளி, சுக்குக் கஷாயம் குடித்தால் ஓடிப்போகும், சளிக்கு ஆங்காங் என்று பெயர் வைத்தால் அது பட்டணத்துச் சளியாகிவிடுமா என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் ஒரு டாக்டரையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வாதம் முடிந்துபோகுமே.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தர் வந்து சேர்ந்தார். பயந்தவனிடம் மட்டும் பிழைக்கிற சாமியார் அரைச் சாமியார். இவர் பயப்படாதவனிடமும் பிழைக்கத் தெரிந்த முழுச் சாமியார். சண்டை எதற்கு, நிறுத்துப் பார்த்துவிடலாமே என்றார். இரண்டு கட்சியும் வரிசையில் வந்து நின்றன.

முறை எளிமையானது. ஆளுக்குக் கால் பலம் எடைக்குப் பட்டு நூலை, ஒரு சின்னச் சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பருத்தி ஆகாது. நோயும் சீன தேசத்தது, பட்டும் சீன தேசத்தது, இனம் இனத்தோடு சேருமாம். சித்தர் அந்தச் சிட்டத்தைச் சாம்பிராணித் தணலுக்கு மேலே கால்மணி நேரம் காட்டுவார். நகைத் தராசில் குன்றிமணி விதைகளைப் போட்டு நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். சிட்டத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி படுத்திருந்துவிட்டு வந்தால், மறுநாள் எடை கூடியிருக்கும். கூடின எடைதான் நோய். மூன்று குன்றிமணிக்குள் என்றால் வெறும் சளி. ஐந்துக்கு மேல் என்றால் ஆங்காங். நடுவில் நின்றால் இன்னொரு சிட்டம். ஒரு வாரம் கழுத்தில் கிடந்த பிறகு அதே பட்டைத் திரும்பத் தணலில் காட்டினால் எடை இறங்கிவிடும். நோய் எரிந்துவிட்டது! நோய் தீண்டிய பட்டு வீட்டுக்கு ஆகாதென்று சித்தரே அதை ஓரிக்கைக்குக் கொண்டுபோய்ப் பாலாற்றில் விட்டுவிடுவார். ஊருக்காக அவர்தான் எவ்வளவு அலைகிறார்!

நெசவாளிகள் இதை நம்பியதற்குக் காரணம் இருந்தது. முதலாளி பட்டை நிறுத்துக் கொடுப்பார், நெய்த சேலையை நிறுத்து வாங்குவார். ஆயுசு முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்தே பழகிய கண்கள் அவை. வேதம் சொன்னாலும் சந்தேகப்படுவார்கள், முள் சாய்ந்தால் கும்பிட்டுவிடுவார்கள்.

மங்கையர்க்கரசியின் புருஷன் திருஞானசம்பந்தமும் கும்பிட்டவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாளாகியிருந்தது. உடம்பு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது, இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டார். சித்தரின் தராசு அவருக்குச் சொன்னது இரண்டு குன்றிமணி. வெறும் சளி! அன்றிலிருந்து அவர் ராமலிங்கம் கட்சி. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மழை ஓதம் ஏறிய தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தறி நாடா ஒரு தடவை குறுக்கே ஓடும், அவர் மூன்று தடவை இருமுவார். ஒவ்வோர் இருமலுக்கும் மங்கை ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள். ஆஸ்பத்திரி அரை மைல் தூரம்தான். ஆனால் அவர் எழுந்திருக்க வேண்டுமே.

பக்கத்து வீட்டு வேலாயுதத்துக்கு ஒன்பது குன்றிமணி. ஊழிக் கட்சித் தலைவருக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா? இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோருக்கெல்லாம் தம் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேர்வை முகத்தில் வழிந்தது. மங்கை ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவர் கழுத்துச் சிட்டம் நனைந்த கோழியாய்த் தொங்கியது. ராட்டையை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் புருஷனுடைய சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். மொறமொறவென்று இருந்தது.

பதினைந்து வருஷமாகப் பட்டு சுற்றிய விரல். அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏங்க, பட்டுக்கு நோவு தெரியாதுங்க. ஈரந்தான் தெரியும். பக்கத்து வூட்டு அண்ணனுக்கு வேர்க்குது, எடை ஏறிக்கிச்சி. உங்களுக்குத் தீயாக் காயுது, வேர்வையே இல்ல. அது இன்னாத்தக் குடிக்கும்?"

"தராசு பொய் சொல்லாது மங்கை."

"தராசு சொல்லல. அந்தாளு சொல்றான்."

"அப்ப அது பொய்யின்னு காட்டு," என்று சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் இருமினார். "காட்டுனா எங்க வேணா வரேன்."

அன்று சாயந்திரமே அவள் சத்திரத்துக்குப் போனாள். வீட்டில் இன்னொருத்தருக்கும் முடியவில்லை, நடமாட முடியாதவர் என்று சொல்லி ஒரு சிட்டத்தைத் தூபம் காட்டி நிறுத்து வாங்கிவந்தாள். நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீர்ப் பானையின் கழுத்தில் கட்டினாள். ஈரம் கசிந்துகொண்டிருந்த மண்பானை. "நல்லா தூங்கு" என்று அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் காலையில் புருஷனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சத்திரத்துப் படியில் உட்காரவைத்தாள். அவள் இடுப்பில் ஈரத்துண்டால் மூடின பானை இருந்தது. குளத்தங்கரைக்குப் பானையோடு வருகிறவளை யார் கவனிக்கப்போகிறார்கள்? அதையும் அவர் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு, சிட்டத்தை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சித்தர் சிட்டத்தை நிறுத்தார். முள் சாய்ந்தது. குன்றிமணி போட்டார், இன்னும் போட்டார். பதினான்கு! கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. சித்தருக்கே கொஞ்சம் வேர்த்துவிட்டது.

"நோயாளியின் பெயர் என்ன தாயே?"

"மண்ணாங்கட்டி, சாமி."

நம் பக்கத்தில் அப்படிப் பெயர் வைப்பது உண்டு. சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "தெரிகிறது. படுத்த படுக்கை. பேச்சு நின்றுவிட்டது."

"ஒரு வார்த்தை பேசலிங்க."

"வயிறு வீங்கியிருக்கிறது."

"பெருத்துதான் இருக்குது."

"உள்ளே நீர் கோத்துக்கொண்டது. நெஞ்சைத் தாண்டிக் கழுத்துவரை வந்துவிட்டது!"

"ஆமாங்க. கழுத்து வரைக்கும் தண்ணிதான். நானே ஊத்தினேன்."

சித்தர் அதைக் காதில் வாங்கவில்லை. இன்று ராத்திரி தாண்டாது, ஒரு பலம் பட்டில் பரிகாரம் செய்தால் பார்க்கலாம் என்றார். வேலாயுதம் கம்பளிக்குள்ளிருந்து "பாத்தியா, ஊரே காலிதான்" என்று ராமலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். மங்கை வெளியே போய்ப் பானையைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். துண்டை எடுத்தாள்.

"இவருதான் சாமி மண்ணாங்கட்டி."

கூட்டம் பானையைப் பார்த்தது. பானைக்கு ஒன்றும் கூச்சமில்லை.

சித்தர் லேசுப்பட்டவரில்லை. ஒரு நிமிஷம் விழித்தார், அவ்வளவுதான். நோய் பானையிலும் புகும், குடத்திலும் புகும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோருக்கும் ஆபத்து என்று ஒரு போடு போட்டார். என்ன ஆச்சரியம்! நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. படியில் உட்கார்ந்திருந்த திருஞானசம்பந்தத்தின் தலையும் லேசாக ஆடியதை மங்கை பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மழை நாள்ல முதலாளி நிறுத்துக் குடுக்குற பட்டு, வீட்டுக்கு வந்து காஞ்சா எடை கொறையுதே. நாம இன்னா சொல்வோம்? ஈரப் பட்டக் குடுத்து ஏமாத்திட்டான்னு வாசல்ல நின்னு சண்டை போடுவோமில்ல? அன்னிக்கி யாராவது, முதலாளி பட்டுக்குச் சளி புடிச்சிருந்துச்சி, இப்ப விட்டுப்போச்சின்னு சொன்னோமா?"

பின்வரிசையில் யாரோ ஒரு கிழ நெசவாளி குபுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆங்காங் காய்ச்சலைவிட வேகமாகப் பரவியது.

மங்கை அதோடு விடவில்லை. தணலில் காட்டி நோய் எரிந்துவிட்டதென்று வைத்திருந்த ஒரு சிட்டத்தை எடுத்து, பானையின் ஈர வயிற்றில் ஒரு புரட்டுப் புரட்டித் தராசில் போட்டாள். எரிந்துபோன நோய் இருபது குன்றிமணியாகத் திரும்பி வந்தது. திரும்பத் தணலில் காட்டச் சொன்னாள். இரண்டு தறிக்காரர்கள் போட்டிபோட்டுக்கொண்டு காட்டினார்கள். நோய் போய்விட்டது. அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. இன்னொரு தடவை வரவழைத்தார்கள்.

"அப்ப என்னுதுக்கு ஒம்போது?" என்று வேலாயுதம் பரிதாபமாகக் கேட்டார்.

"அது வேர்வைண்ணா. கம்பளிய எடுங்க, சரியாப்பூடும்."

சித்தருக்குத் திடீரென்று நிஷ்டையில் அமரவேண்டிய வேளை வந்துவிட்டது. பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு நழுவப் பார்த்தார். திறந்த கதவு வழியாகக் கூட்டமும் பார்த்தது. மூங்கில் கொடிகளில் பட்டுச் சிட்டங்கள் மாம்பழ நிறம், அரக்கு, மயில் கழுத்து என்று நிறம் பிரித்து அழகாகத் தொங்கின. பாலாற்றில் விட்ட பட்டெல்லாம் நீந்தியே கரையேறி வந்திருந்தது. வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஒரு குடியானவர் கிட்டே போய்ச் சித்தரின் தாடியை உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம கோதண்டபாணி! ரைஸ் மில்லுல மூட்டை எடை போட்டுக்கினு இருந்த ஆளுதானே நீ? அங்கயும் ஈர நெல்ல வச்சித்தான் எடையில ஏமாத்துன."

பிறகு நடந்ததை மங்கை பார்க்கவில்லை. சித்தர் ஓடினாரா, ஓட விட்டார்களா என்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் படிக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள். அவர் கழுத்துச் சிட்டத்தைத் தாமே அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார்.

"வரேன்," என்றார். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

ரிக்‌ஷாவில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி கட்டி முற்றியிருந்தது. ஒன்பது நாள் ஊசி போட்டார்கள். ஆறாம் நாள் சட்டையெல்லாம் நனைய வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. அந்த வேர்வையைத் துடைக்கும்போது மங்கைக்கு அழவும் தோன்றியது, இதை நிறுத்தால் எத்தனை குன்றிமணி தேறும் என்று சிரிக்கவும் தோன்றியது.

நோயாளியைப் பார்க்க வந்த சாக்கில் வேலாயுதமும் ராமலிங்கமும் வார்டிலேயே வாதத்தைத் தொடங்கினார்கள். இது ஊழியா, வெறும் சளியா என்று டாக்டரையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு வெறும் சளிதான். பத்தாவது ஆளுக்கு உயிருக்கே ஆபத்து வரலாம்," என்றார் டாக்டர். "அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு உடம்பைப் பார்த்துதான் சொல்லணும். கட்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்ப ரெண்டு பேரும் வெளியே போங்க, இது நோயாளிங்க இருக்கிற இடம்."

இரண்டு தலைவர்களும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று திருப்தியோடு போனார்கள்.

பத்தாம் நாள் மங்கை புருஷனை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். வாசலில் கூட்டம். அவர் உடம்பை விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கிட்டே போனால், அன்று சத்திரத்தில் விட்டுவிட்டு வந்த அவளுடைய பானை வாசல்படியில் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மூன்று பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கள்ளச் சாமியாரையே காட்டிக்கொடுத்த பானையாம். சக்தி இல்லாமலா பதினான்கு குன்றிமணி காட்டியது?

கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றவர் வேலாயுதம்.

மங்கை மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். பானையைக் கழுவிக் கவிழ்த்து, விரலை மடக்கி மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தாள். ணங், ணங், ணங். கீறல் இல்லை.

"இன்னாம்மா பண்ற?" என்றார் வேலாயுதம்.

"நாலணாப் பானையக்கூட நாலு தபா தட்டிப் பாத்துதாண்ணா வாங்குறோம்," என்றாள் மங்கை. "சாமின்னு ஒருத்தன் வந்தா மட்டும் அந்த விரலு எங்க போவுது?"