ராஜினாமாவை வாங்கியே விட்டார்கள், அத்தான்

தேரா, துபாய்
நவம்பர் 14, வெள்ளி

மதிப்பிற்குரிய அத்தான் ரகுநாதன் அவர்களுக்கு, மைத்துனன் கோபாலசாமி பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், சந்திரகலா, தாரிணி மூவரும் சுகம். அங்கு உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் குடும்ப குரூப் முழுக்க விசாரணைக் கமிஷன் வைத்துவிடும் என்பதால், நாளை லீவில் ஊர் வரும் எங்கள் ஆபீஸில் விசா காகிதம் பார்க்கும் செய்கு முகம்மது கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். இந்த இங்கிலீஷ் பயிற்சி நிலையத்தில் மூன்று வருடமாக வெள்ளைக்கார வாத்தியார்களைக் கட்டி மேய்த்த உத்தியோகத்தை நானாகவே, முழு மனதோடு, முடித்துக்கொண்டேன். இந்த மாதக் கடைசியோடு, இந்த ஊர் பாஷையில் சொன்னால், கலாஸ், கணக்கு முடிந்தது. சொந்தங்களிடம் அப்படியே சொல்லவும். ஒரே ஒரு சங்கடம், தாரிணி பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. அம்மா, பெண் இருவர் விசாவும் என் விசாவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது; நான் கிளம்பினால் அவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே நடுவருஷத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் திருச்சியில் ஏதாவது உண்டா என்று விசாரிக்கவும். இருக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் விசாரிக்கவும்.

'முழு மனதோடு' என்று மேலே எழுதியதை அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் விட்டுவைக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன் அத்தான், இதெல்லாம் உங்களால் வந்த வினை. நீங்கள் சர்வீஸில் மூன்று தடவை ராஜினாமா எழுதிக் கொடுத்ததையும், மூன்று தடவையும் மேனேஜர் தோளில் கை போட்டு, "ரகுநாதன், நீங்க போனா இந்த ஆபீஸ் என்னாகும்?" என்று காபி வாங்கிக் கொடுத்ததையும் தீபாவளிக்குத் தீபாவளி சொன்னீர்களே, அதை நம்பித்தான் இறங்கினேன். போன மாதம் என் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் போட்டார்கள். மூன்று வருடம் இவர்களுக்கு ஃபிளாட் பிடித்து, டைம்டேபிள் போட்டு, ஏசி ரிப்பேருக்கு ஆள் விட்டவனுக்கு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து இடம். மனசு விட்டுப்போச்சு. நல்ல இங்கிலீஷில், சொந்தக் காரணம் என்று ஒரு பக்கம் எழுதி பிரின்ஸிபால் ஹிலரி அம்மாளிடம் நீட்டினேன். நிறுத்தி நிதானமாகப் படித்தார். எழுந்து வந்தார். சரி, தோளில் கை விழப்போகிறது என்று கொஞ்சம் குனிந்துகூட நின்றேன். கையைக் குலுக்கி, "உங்க முடிவை மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்!

எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே டெக்லன் என்ற ஐரிஷ் வாத்தியார், "டீ வேணுமா?" என்று கேட்டார். மரியாதைக்கு "வேண்டாம்" என்றேன். நம்மூரில் அதற்கு அர்த்தம் இன்னொரு தடவை கேள் என்பது. அந்த மனுஷன் தனக்கு மட்டும் போட்டு, என் எதிரில் உட்கார்ந்து உறிஞ்சிக் குடித்தார். கோபாலுக்கு டீ ஆகாது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தார், அன்றிலிருந்து யாரும் கேட்டதே இல்லை. ஆகஸ்ட் மாத வெயிலில் மரீகா டீச்சர் காரை நிறுத்தி, "ஏறிக்கோங்க" என்றார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன். "சரி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் வெந்துபோய் நின்றேன். சரி, ஃபிளாட் சௌகரியமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டால், "இல்லை" என்று ஆரம்பித்துப் பதினாலு குறை சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய், கெஞ்சுவார்கள் என்று நினைத்து ராஜினாமா கொடுத்தேனே, என்னை என்ன சொல்வது!

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். என் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தையே என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வந்த ஆறு பேரையும் என்னைத்தான் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். நேர்மையாகத்தான் சொல்கிறேன், ஆறும் தேறாது என்று எழுதிக் கொடுத்தேன். நேற்று கேக் வெட்டி வழியனுப்பு விழா. ஒருத்தராவது "போகாதீங்க கோபால்" என்று சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் கட்டிப்பிடித்து, புது வாழ்க்கைக்கு வாழ்த்துச் சொன்னார்கள். விழா முடியும்போது, "எல்லாரும் திருச்சிக்கு வாங்க" என்று சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை விட்டேன். டெக்லன் போனை எடுத்து, "எந்த வாரம்?" என்றார். ஜனவரி இரண்டாம் வாரம் நால்வர் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். சந்திரகலா பிடித்துக்கொண்டாள். "கெஞ்சிக் கூத்தாடுவாங்கன்னு நெனச்சீங்களா? அவங்க என்ன எங்கண்ணனா, நீங்க மொறச்சுக்கிட்டா பின்னாலயே வர்றதுக்கு? இருக்கேன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றாள். தாரிணி ஃபிஸிக்ஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அத்தான், அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கௌரவத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைப்பீர்கள். போகட்டும். கொடுத்த ராஜினாமாவைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் இருவர் ஆசீர்வாதமும் தாரிணிக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
கோபாலசாமி

பி.கு: ஆபீஸில் உட்கார்ந்து கவரை ஒட்டும் நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சந்திரகலா ஆபீஸுக்கே வந்து ஹிலரி அம்மாள் அறைக்குள் நுழைந்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் அந்த அம்மாள் என் மேஜைக்கு வந்து, "கோபால், உங்களுக்கு இங்கேயே இருக்க விருப்பமா?" என்று கேட்டார். என் பாழாய்ப்போன வாய், "பரவாயில்லை மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது. "ஓகே" என்று திரும்பி நடந்தார். வாசலில் நின்ற சந்திரகலா தலையில் கையை வைத்துக்கொண்டாள். எழுந்து ஓடினேன் அத்தான். ஐம்பத்து நாலு வயதில், வகுப்புக் கதவெல்லாம் திறந்து கிடக்க, வாத்தியார்கள் எட்டிப் பார்க்க, "மேடம், நான் போகல! எனக்கு இந்த வேலை வேணும்! என் பொண்ணு பரீட்சை எழுதணும்!" என்று கத்திவிட்டேன். ஹிலரி அம்மாள் நின்றார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று என் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு டியூட்டி. விசா ரத்துக் காகிதம் என்னாச்சு என்று செய்கு முகம்மதிடம் பதறிக்கொண்டு ஓடினால், அதை அவர் டிராயரை விட்டு வெளியே எடுக்கவே இல்லையாம். "நீங்க சும்மா கொடுத்தீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி, நாமெல்லாம் ஒரே ஊர்ப்பக்கம்தானே" என்கிறார். ஆகவே தாரிணிக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டாம். மரியாதைக்குச் சொல்லவில்லை அத்தான், நிஜமாகவே வேண்டாம்.