இரண்டு ஏகப்பனுக்கும் ஒரே பெட்டி

உ
காரைக்குடி,
9-11-1999

அழகும் அமெரிக்க வேலையும் ஒருங்கே வாய்த்த சிரஞ்சீவி மருமகன் ஏகப்பனுக்கு, உன் ஆத்தாளின் ஒரே தம்பியும், காரைக்குடி முதல் கண்டரமாணிக்கம் வரை கம்ப்யூட்டர் என்ற பேச்சு எழுந்தாலே ஜனங்கள் திரும்பிப் பார்க்கும் ஒரே ஆளுமாகிய அம்மான் காசி எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பேனா கூசுகிறது. ஆகையால் அங்கே நீயாவது சுகமாக இருப்பாயாக. இதை உட்கார்ந்து படிப்பாயாக. தை மாதத்துக்குப் போட்டிருக்கும் விமான டிக்கெட்டை முதல் வேலையாக ரத்து செய்வாயாக.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் வலையபட்டிக் கல்யாணத்தில், எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்த கண்டரமாணிக்கம் செம்மலை மகள் நாகவல்லியைப் பார்த்துவிட்டு, இலையில் ஊற்றிய பாயசத்தைச் சாம்பார் என்று நினைத்துச் சோற்றில் பிசைந்து, அதையும் முழுதாகத் தின்று எழுந்தவன் நீ. அமெரிக்கா போயும் ஆறவில்லை. வாரத்துக்கு ஒரு போன். "அம்மான், அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல பேசிட்டாகளா?" என்று ஒரே அரற்றல். நாமாகப் போய்க் கேட்டால் கௌரவக் குறைச்சல், அவர்களாகத் தேடி வர வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "அப்ப ஒரு வெப் பக்கம் போட்ருவோம் அம்மான். புரோகிராம் எழுதத் தெரிய வேணாம், பெட்டியப் பெட்டியா இழுத்து வச்சாப் போதும், அதுவே பேசிக்கிரும்" என்று ஓசியில் பக்கம் கட்டித் தரும் ஒரு சாமானின் முகவரியையும் கொடுத்தாய். ஆகவே குற்றத்தில் பாதி உன்னுடையது. மீதிப் பாதியை நானும் கம்ப்யூட்டரும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அன்னக்கிளி வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். மூன்றே நாளில் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தை அடிவண்டல் வரை குடித்துவிட்டேன் மருமகனே! ஊரில் இதைப் பெரிய வித்தை என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேரியபிள், அதாவது 'மாறி' என்கிறார்களே, அது சமையல்கட்டு டப்பா. மேலே 'வயது' என்று சீட்டு ஒட்டியிருக்கும். புதிதாக ஒன்றைப் போட்டால் பழையது போய்விடும். ஒன்றும் போடாவிட்டால் பழையதே கிடக்கும். (இந்தக் கடைசிச் சங்கதியை முடிந்து வைத்துக்கொள், குடியைக் கெடுத்தது அதுதான்.) அப்புறம் நிபந்தனை என்று ஒன்று. பெண் வீட்டார் தங்கள் கோவிலின் பெயரையும் மெயில் முகவரியையும் கொடுத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். நம் கோவிலாகவே இருந்தால் அண்ணன் தங்கை முறை, பெண் எடுக்க முடியாது, 'போய் வாருங்கள்' என்று கும்பிடு போடும். வேறு கோவிலாக இருந்தால் மாப்பிள்ளை விவரத்தைக் காட்டி, வீடு பார்க்க வரச்சொல்லி மெயில் அனுப்பும். நம் பெரியவர்கள் ஆறு பேர் கூடி, ஒன்பது காப்பி குடித்து, பழைய சண்டை ஒன்றைக் கிளறிவிட்டுச் செய்கிற காரியத்தை அது காப்பியே கேட்காமல் செய்தது. அதோடு விட்டேனா? பதில் வரும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பு என்று ஒரு சுற்றும் வைத்தேன். பதில் வந்தால் அதைப் போட்டு வைக்க ஒரு டப்பா வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மேதைகளுக்கு இப்படிச் சின்ன விஷயங்கள் விட்டுப்போவது சகஜம்.

இப்போதுதான் வினை. கானாடுகாத்தானில் இருக்கும், உன் தகப்பனாரைப் பெற்ற ஐயாவின் சதாபிஷேகத்துக்காக, ஆவணியிலேயே நான் சொந்தக்காரர் பட்டியல் ஒன்று அதே சாமானில் போட்டிருந்தேன். பெயர், வயது, மனைவி, பிள்ளைகள், இருப்பிடம் எல்லாம் உண்டு. விருந்தில் யாருக்குச் சீப்புச் சீடை, யாருக்குக் குழிப்பணியாரம் என்று பார்க்க, 'பல்' என்று ஒரு டப்பாவும் உண்டு. வெப் பக்கம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று உன் விவரத்தையும் அதே பட்டியலில் சேர்க்கப் போனேன். அன்னக்கிளி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பேர வச்சு ஆளப் புடிக்காதீக. ஆளுக்கு ஒரு நம்பரக் குடுங்க. ஒங்க ஆளுகள்ல தாத்தா பேரத்தான பேரனுக்கு வைக்கிறீக?"

"எங்க வீட்டு ஆளுகளுக்கு நம்பர் போட இது என்ன மாட்டுச் சந்தையா? ஏகப்பன்னா ஏகப்பன்தான்!" என்றேன். ராஜகம்பீரமாகத்தான் சொன்னேன்.

'ஏகப்பன் ஏற்கனவே இருக்கிறார், புதுப்பிக்கலாமா?' என்று திரை பணிவாகக் கேட்டது. எண்பத்தொரு வயசு மனுஷரைப் புதுப்பிக்க யாருக்குக் கசக்கும்? சம்மதம் என்று அமுக்கினேன். உன் படம், உன் வேலை, உன் எதிர்பார்ப்பு மூன்றையும் போட்டேன். பிறந்த தேதி ஞாபகம் வரவில்லை, விட்டுவிட்டேன். உன் தெருப் பெயரை எழுதக் கை வரவில்லை, அதையும் விட்டுவிட்டேன். மனைவி, பிள்ளைகள் உனக்கு ஏது, வெறுமையாக விட்டேன். விட்டதிலெல்லாம் பழையது அப்படியே உட்கார்ந்துகொண்டது.

எம்.சி.ஏ. படித்த நாகவல்லி, நாம் ஆசைப்பட்டபடியே நம் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கோவில் பெயரைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். வந்தது என்ன தெரியுமா? படத்தில் இளித்துக்கொண்டு நீ. வேலை, கலிபோர்னியாவில் சாப்ட்வேர். வயது, 81. மனைவி, அக்கம்மாள். பிள்ளைகள், ஏழு. பல், இல்லை. இருப்பிடம், கானாடுகாத்தான். எதிர்பார்ப்பு, அடக்கமான படித்த பெண்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு மூடியிருப்பாள். என் மெயில் மூட விடவில்லையே! மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை 'வீடு பார்க்க வருக' என்று போயிருக்கிறது. அவள் பதில் போட்டும் நிற்கவில்லை. பொறுக்கமாட்டாமல் செம்மலை, மகளையும் கூட்டிக்கொண்டு, பதினேழு காரில் (சரி, ரெண்டு கார்) கானாடுகாத்தானுக்கே வந்து இறங்கிவிட்டார். ஆள் வந்து சொல்லி நான் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகப்பில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை ஏகப்பன் எங்குட்டு இருக்காக?" என்கிறார் செம்மலை.

"ஏகப்பன் நாந்தான். உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க. பொண்ணு எங்குட்டு?" என்று உன் ஐயா மேல்துண்டைச் சரிசெய்கிறார். அவருக்குக் காது பாதி, குறும்பு மீதி. எந்தப் பாதி பேசியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பக்கத்தில் உன் அப்பத்தா அக்கம்மாள், "நல்லதாப் போச்சு. எனக்கும் முழங்கால் வலி. கூடமாட ஒருத்தி இருந்தாத் தேவலை" என்கிறார்!

செம்மலை என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்து நிலைக்கதவின் பித்தளைப் பூண் உருகி வழிந்தது. "காசியண்ணே, கேலி பண்ண நாங்கதான் கெடச்சமா? நேத்து வரைக்கும் எனக்கும் அமெரிக்கா ஏகப்பன் மேல ஒரு நெனப்பு இருந்துச்சு. இனி ஒங்க வீட்டுக்குப் பொண்ணு கெடையாது!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாகவல்லி மட்டும் என் பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு என்னங்க?" என்று கேட்டாள். எந்தக் கேஸில் சேர்க்கவோ என்று நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

உன் ஆத்தா நாகம்மை ஆச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசி எட்டு நாளாகிறது. கடைசியாகப் பேசியது இது: "மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு எம்மகனப் பொறந்ததுலருந்து பெரியதம்பின்னுதானடா கூப்பிடுறேன். அடுப்படில கெடக்குற எனக்கு இருந்த புத்தி, ஒனக்கும் இல்ல, ஒன் பெட்டிக்கும் இல்லையே!" நியாயம்தான். ஒரு பெயருக்கு இரண்டு ஆள் வந்தால் என்ன செய்வதென்று நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நான்தான் விசாரிக்கவில்லை.

ஆகவே அந்தச் சம்பந்தம் முறிந்தது. அவளை மறந்துவிடு. தையில் வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டாம். பக்கத்தை அழித்துத் தலைமுழுகலாம் என்று இன்று காலை போனேன். பாஸ்வேர்டு தப்பு என்கிறது. கம்ப்யூட்டரே என்னைத் தள்ளிவைத்துவிட்டது. இனி இந்தக் காசியின் கை மவுஸைத் தொட்டால், அந்தக் கை இடியாப்ப உரலில் சிக்கட்டும்! கொப்புடையம்மன் உனக்கு வேறொரு நல்ல இடத்தைக் காட்டுவாள்; என் பெயரைச் சொல்லாத இடமாகவே காட்டுவாள்.

தோல்வியிலும் தலைநிமிர்ந்து நிற்கும்,
அம்மான் காசி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டப்போன நேரத்தில் அன்னக்கிளி வந்து சென்டருக்கு இழுத்துப் போனாள். பாஸ்வேர்டை மாற்றியது நாகவல்லியாம்! மெயில் நின்றுவிட்டது. பட்டியலில் இப்போது எல்லாருக்கும் நம்பர். உன் ஐயா ஏகப்பன் 1, நீ ஏகப்பன் 2; வயசும் பல்லும் அவரவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அதைக் காட்டித் தகப்பனாரையும் சிரிக்க வைத்துச் சம்மதம் வாங்கிவிட்டாள். பக்கத்தின் அடியில் அவளே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: 'தை முடிவதற்குள் 2 நேரில் வந்தால், கல்யாணம் அவருடன். வராவிட்டால், 1 உடன்.' மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. டிக்கெட்டைத் தொடாதே. ரத்து செய்திருந்தால் நீந்தியாவது வந்து சேர். உன் ஐயாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மத்தியானமே பல் கட்டும் டாக்டரிடம் போய்விட்டார்.